ஐவிஎஃப்: வீட்டில் நடக்கும் பாதி

முட்டையையும் விந்தணுவையும் உடம்புக்கு வெளியே லேபில் சேர்த்துக் கருவாக்கி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிகிச்சைதான் ஐவிஎஃப். அதைச் சொன்னதும் லேபும் டாக்டரும்தான் நினைவுக்கு வருவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டை எடுக்க ஏறக்குறைய 20 நிமிடம், கருவை உள்ளே வைக்க 10 நிமிடம், நடுவில் 5, 6 நாள் லேபில் கருவியலாளரின் பொறுப்பு. மற்றதெல்லாம் வீட்டில்தான் நடக்கிறது. மருந்து ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் இருந்தது, எந்தக் குப்பியை எதில் கலந்தீர்கள், ராத்திரி எத்தனை மணிக்கு ஊசி போட்டீர்கள், எந்த நாளில் எந்த மாத்திரை நின்றது என்பதெல்லாம் தம்பதியின் கையில் இருக்கிறது. அங்கே ஒரு பிசகு நடந்தால் எவ்வளவு பெரிய மருத்துவமனையாலும் அந்த மாதத்தைத் திருப்பித் தர முடியாது. ஓ.பி. நெரிசலில் இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். மருந்தின் அளவுகள் வழக்கமாக எழுதப்படுபவை. உங்கள் சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

முதலில் ஆணுக்கு

கல்யாணமாகி ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போகலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும். நம் ஊரில் நடப்பது வேறு. மனைவிக்கு இரண்டு, மூன்று வருடம் மாத்திரை, எண்ணெய், லேகியம், கோயில் எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் கணவனுக்கு விந்துப் பரிசோதனை எழுதப்படுகிறது. இது பெரிய அநியாயம். முழுச் சிகிச்சையிலும் மலிவானது அந்தப் பரிசோதனைதான், வலியில்லாததும் அதுதான். முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

அதற்கு 2 முதல் 7 நாள் வரை உறவு, சுய இன்பம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். பத்து நாள் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணிக்கை கொஞ்சம் கூடலாம், ஆனால் அசைவு குறையும். எண்ணெய், சோப்பு, எச்சில் எதையும் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் எடுத்தால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முதல் சில துளிகள் டப்பாவுக்கு வெளியே போயிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் விந்தணு அதிகம் இருப்பது அந்தத் துளிகளில்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி குறைந்தபட்ச அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, மொத்த அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் 4 சதவீதம் என்றதும் பதறுகிறவர்கள் நிறையப் பேர். பதற வேண்டாம், 4 இருந்தாலே அது இயல்பு.

ஒரு ரிப்போர்ட் குறைவாக வந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். அதனால் இரண்டு மாதத்துக்கு முன் வந்த டெங்குக் காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். இன்று சிகரெட்டை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். போட்டிருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பாய்லர் பக்கத்தில், ஓட்டல் அடுப்பு முன், லாரியில் என்று சூட்டில் பல மணி நேரம் வேலை பார்க்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

பெண்ணுக்குச் சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையை எந்த நாளிலும் எடுக்கலாம். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், எஸ்ட்ராடயால் என்ற ஹார்மோன்கள், கூடவே சினைப்பையில் சிறு கருமுட்டைப் பைகள் எத்தனை என்று எண்ணும் ஸ்கேன், இவை மாதவிடாயின் 2 அல்லது 3-ஆம் நாளில் பார்க்க வேண்டியவை. ஏஎம்ஹெச் குறைவு என்றால் ஊசி போட்டு எடுக்கக்கூடிய முட்டைகளின் எண்ணிக்கை குறையும் என்று பொருள். முட்டையின் தரத்தை அது சொல்லாது. தரத்தைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது. 28 வயதில் ஏஎம்ஹெச் 0.9 உள்ளவருக்கு 41 வயதில் 2.5 உள்ளவரைவிடப் பல நேரம் வாய்ப்பு அதிகம்.

கருக்குழாயில் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரேயை அந்த மாதத்து ரத்தப்போக்கு நின்ற பிறகு, 7 முதல் 10-ஆம் நாளுக்குள் எடுப்பார்கள். வலிக்கும். டாக்டர் அனுமதித்த வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அந்த ரிப்போர்ட்டில் ‘ஹைட்ரோசால்பின்க்ஸ்’ என்று எழுதியிருந்தால், குழாயில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். ‘ஐவிஎஃப்புக்குத்தான் குழாயே தேவையில்லையே’ என்று அதை அப்படியே விடக் கூடாது. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் வடிந்து கரு ஒட்டுவதைக் கெடுக்கும். முதலில் அந்தக் குழாயை எடுக்கவோ கிளிப் போடவோ செய்த பிறகு கரு வைத்தால் வாய்ப்பு கூடும். நம் நாட்டில் குழாய் கெடுவதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம்; சளி, இருமல் எதுவும் இல்லாமலே குழாயிலும் கர்ப்பப்பையிலும் மட்டும் இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது டி.பி. வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

ருபெல்லா எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இது கடைசி நேரத்தில் தெரிந்தால் ஒரு மாதம் வீண். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்கிவிடலாம்.

பணமும் கையெழுத்தும்

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி ஐவிஎஃப் மையம் ஒவ்வொன்றும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதுக்குள் இருக்க வேண்டும். பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படிக் குற்றம். யாராவது ஜாடையாகப் பேசினால்கூட அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

‘பேக்கேஜ் எவ்வளவு’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். ‘பேக்கேஜில் எதெல்லாம் சேரவில்லை’ என்று கேளுங்கள். பெரும்பாலும் சேராதவை: ஹார்மோன் ஊசிகள், மயக்க மருந்து டாக்டரின் கட்டணம், இக்ஸி (ஒரு விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை), 5-ஆம் நாள்வரை கருவை வளர்ப்பது, உறைய வைப்பது, வருடா வருடம் சேமிப்புக் கட்டணம், உறைந்த கருவை மறுபடி வைக்கும் மாதத்தின் செலவு. ஊசிச் செலவு ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். தினம் 150 யூனிட் போடுகிறவருக்கும் 300 யூனிட் போடுகிறவருக்கும் ஒரே தொகை வராது. இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பணமே தடை என்றால், சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசு கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ கணவர் வேலை பார்த்தால், 30 நாள் லீவில் எல்லாவற்றையும் முடிக்கலாம் என்று திட்டமிடுவார்கள். மாதவிடாய் பத்து நாள் தள்ளிப்போனால் திட்டம் கலைந்துவிடும். லீவின் முதல் வாரத்திலேயே விந்தை உறைய வைத்து, ஒப்புதல் படிவங்களில் கையெழுத்தையும் முடித்துவிடுங்கள். பிறகு அவர் ஊருக்குப் போனாலும் வேலை நிற்காது. உள்ளூரிலேயே இருக்கிற கணவருக்கும் இது பொருந்தும். முட்டை எடுக்கும் நாளில், பக்கத்து அறையில் மனைவி மயக்கத்தில் இருக்க, ‘சீக்கிரம் சாம்பிள் கொடுங்க’ என்றால் பலருக்கு வருவதில்லை. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. முன்பே ஒரு சாம்பிளை உறைய வைத்திருந்தால் அந்தப் பதற்றமும் இருக்காது.

ஃபிரிட்ஜும் ஊசியும்

முட்டையை வளர்க்கும் ஊசி மாதவிடாயின் 2 அல்லது 3-ஆம் நாளில் தொடங்கும். 8 முதல் 12 நாள் போகும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரம், பொதுவாகச் சாயங்காலம் 6 முதல் 9 மணிக்குள் ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தால் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. ஃப்ரீசருக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் அந்த இடத்தில் தண்ணீரே உறையும். உறைந்த புரத மருந்து உருகிய பிறகு பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. சில ஊசிகளை 25 டிகிரிக்குள் வெளியே வைக்கலாம் என்று எழுதியிருக்கும். நம் ஊர் மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி இருக்கும்போது அந்த வரி நமக்கு உதவாது. கரன்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே சில மணி நேரம் தாங்கும். ஊருக்குக் கொண்டுபோக வாய் அகலமான பிளாஸ்க் போதும். ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி அடியில் வைத்து, மருந்தை ஜிப் கவரில் போட்டு மேலே வையுங்கள். ஐஸ் நேரே மருந்தில் படக் கூடாது.

பேனா ஊசி சுலபம். 900 யூனிட் பேனாவில் தினம் 225 என்றால் 4 நாளைக்கு வரும். கவனிக்க வேண்டியது கடைசி நாள். பேனாவில் மருந்து தீரும்போது அழுத்திய பிறகும் டயல் 0-க்கு வராமல் ஒரு எண்ணில் நிற்கும். அந்த எண் எவ்வளவோ அவ்வளவு யூனிட் உங்கள் உடம்புக்குள் போகவில்லை. புதுப் பேனாவில் அந்த அளவை வைத்து இன்னொரு ஊசி போட வேண்டும். இது தெரியாமல் பேனாவைக் குப்பையில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறவர்கள் உண்டு. அழுத்தி முடித்ததும் 10 எண்ணும்வரை ஊசியை வெளியே எடுக்காதீர்கள். உடனே எடுத்தால் முனையில் ஒரு துளி நிற்கும், அதுவும் மருந்துதான்.

பொடி மருந்தில்தான் பிசகு அதிகம். மேஜையைத் துடைத்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் உட்காருங்கள். கலக்கும் நீர் இருக்கும் கண்ணாடி ஆம்பூலின் கழுத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். கழுத்தைப் பஞ்சால் சுற்றி, புள்ளிக்கு எதிர்ப்பக்கமாக ஒடித்தால் சுத்தமாக உடையும். பெரிய ஊசியால் 1 மில்லி நீரை இழுத்து, முதல் குப்பியின் ரப்பர் வழியாக மெதுவாக, குப்பியின் சுவரில் வழிகிற மாதிரி விடுங்கள். குலுக்கினால் நுரை வரும், நுரையோடு மருந்து தங்கிவிடும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டினால் சில நொடியில் தெளிந்துவிடும். இரண்டு குப்பி எழுதியிருந்தால் தனித்தனி நீர் தேவையில்லை. கரைந்ததை இழுத்து அதே 1 மில்லியை இரண்டாவது குப்பியில் விடுங்கள். பொதுவாக 1 மில்லிக்கு 3 குப்பிவரை கரைக்கச் சொல்வார்கள். கடைசியில் குப்பியைக் கவிழ்த்து, ஊசி முனையை ரப்பருக்குச் சற்று மேலே வரும்வரை கீழே இழுத்தால்தான் கடைசிச் சொட்டும் வரும். பிறகு பெரிய ஊசியைக் கழற்றி மெல்லிய ஊசியை மாட்டுங்கள். மாட்ட மறந்து கலக்கிய ஊசியாலேயே வயிற்றில் குத்திக்கொண்டால் ரத்தம் கட்டி நீலம் பாரிக்கும்.

போடும் இடம் தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பக்கவாட்டில், தொப்புளுக்குக் கீழே. ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது. தோலைக் கிள்ளிப் பிடித்து, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும். ஒரு நாள் ஊசியை மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. மணி பார்க்காமல் மருத்துவமனைக்கு ஃபோன் செய்யுங்கள்.

ஊசி தொடங்கிய 5, 6-ஆம் நாள் வாக்கில் இன்னொரு ஊசி சேரும், பெரும்பாலும் செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. முட்டைப் பை தானாக வெடித்துவிடாமல் தடுப்பது இதன் வேலை. போட்ட இடம் சிவந்து அரிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். முட்டை வளர்க்கும் ஊசி ஒரு நாள் தாமதமானால்கூட ஓரளவு சமாளிக்கலாம். இது ஒரு நாள் தவறினால் பைகள் வெடித்து எல்லாமே போகலாம். எதற்கு இந்தச் சின்ன ஊசி என்று விட்டுவிடாதீர்கள். சில மையங்களில் இதற்குப் பதிலாக மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுப்பார்கள். செலவு குறையும், ஆனால் அந்த மாதமே கரு வைக்க முடியாது, உறைய வைத்துத்தான் ஆக வேண்டும்.

நள்ளிரவு 12 மணி

இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன். வெளியூர்க்காரர்கள் கடைசி நான்கு நாளாவது மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குவது நல்லது. அந்த நாட்களில் ‘நாளைக்கே வாங்க’ என்பார்கள். கருமுட்டைப் பைகளில் குறைந்தது மூன்றாவது 17, 18 மி.மீ. தாண்டியதும், முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசியான டிரிகருக்கு நேரம் குறிப்பார்கள். மொத்தச் சிகிச்சையிலும் நிமிடக் கணக்கில் போட வேண்டியது இது ஒன்றுதான். டிரிகர் போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். அதற்கு முன்னால் எடுத்தால் முட்டை முதிர்ந்து பையின் சுவரிலிருந்து விடுபட்டிருக்காது. தாமதமானால் பை வெடித்து முட்டை வயிற்றுக்குள் போய்விடும்.

வியாழக்கிழமை காலை 8 மணிக்கு முட்டை எடுப்பது என்றால் டிரிகர் செவ்வாய் இரவு 8 மணிக்கு. இதில் குழப்பம் வராது. வியாழன் பகல் 12 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது டிரிகர் செவ்வாய் முடிந்து புதன் பிறக்கும் நள்ளிரவு. சீட்டில் ‘புதன் 12 ஏ.எம்.’ என்று சரியாகவே எழுதியிருப்பார்கள். வீட்டில் அதைப் ‘புதன்கிழமை ராத்திரி 12 மணி’ என்று படித்துவிட்டால் 24 மணி நேரம் போச்சு. அதனால் கிளம்புவதற்கு முன், “சிஸ்டர், செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, அன்னிக்கே நடுராத்திரிதானே?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். தேதி, கிழமை, மணி மூன்றையும் எழுதி வாங்கி, இரண்டு ஃபோனிலும் அலாரம் வையுங்கள்.

டிரிகர் மருந்தையும் எண்ணிப் பாருங்கள். ஹெச்சிஜி 10,000 யூனிட் என்பது 5,000 யூனிட் குப்பிகள் இரண்டாக வரலாம். டிரிப்டோரெலின் 0.2 மி.கி. என்பது 0.1 மி.கி. ஊசிகள் இரண்டாக வரலாம். ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்று ‘ஸ்பேர்’ என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் பாதி மருந்துதான் போயிருக்கும். நேரம் தவறியிருந்தாலோ பாதிதான் போட்டிருந்தாலோ அந்த ராத்திரியே சொல்லிவிடுங்கள். முட்டை எடுக்கும் நேரத்தை மாற்றினால் பல நேரம் காப்பாற்றிவிடலாம். பயந்து மறைத்தால் மேஜையில் படுத்த பிறகு முட்டை இல்லை என்றுதான் தெரியவரும்.

முட்டை எடுக்கும் நாளில் நகை, மெட்டி, நெயில் பாலிஷ் வேண்டாம். தாலிச் சரடைக் கழற்ற மனம் வராதவர்கள் முந்தின நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்ளலாம். சென்ட்டும் தலையில் பூவும் வேண்டாம். லேபின் காற்றில் வாசனைப் பொருள்கள் கலப்பது கருவுக்கு ஆகாது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெயர் கேட்பார்கள். ‘எஸ். பிரியா’ என்று இனிஷியலோடு நிறுத்தாதீர்கள். அதே வரிசையில் இன்னொரு எஸ். பிரியா இருக்க வாய்ப்புண்டு. உங்கள் முழுப்பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி மூன்றையும் சொல்லுங்கள். கரு வைக்கும் நாளிலும் அப்படியே.

எண்ணிக்கை சரியும் விதம்

மயக்கம் தெளிந்ததும் ‘12 முட்டை’ என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாளிலிருந்து ஃபோனில் வரும் எண்கள் குறைந்துகொண்டே போகும், ஒவ்வொரு ஃபோனும் இடி போல இறங்கும். அது முன்பே தெரிந்திருந்தால் பாதி அழுகை மிச்சம். 12 எடுத்தால் முதிர்ந்தவை 9 அல்லது 10 இருக்கும். விந்தணுவோடு சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்தில் பார்க்கும்போது அதில் 6, 7 கருவாகியிருக்கும். அதில் பெரும்பாலானவை மூன்றாம் நாள் சுமார் 8 செல்களாக வளர்ந்திருக்கும். 5-ஆம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்ற முழு வளர்ச்சி பெற்ற கரு ஆவது 2 அல்லது 3. இதுதான் சாதாரணமாக நடப்பது, யாருடைய குறையும் இல்லை. மூன்றாம் நாள்வரை கரு பெரும்பாலும் முட்டையின் சேமிப்பில் ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் அதன் சொந்த மரபணு வேலையை எடுத்துக்கொள்ளும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் அதிகக் கருக்கள் வளராமல் நின்றுவிடுவது அதனால்தான்.

ஃபோனில் கேட்க வேண்டியது ‘நல்லா இருக்கா’ என்று இல்லை. முதிர்ந்தவை எத்தனை, கருவுற்றவை எத்தனை, எந்த நாளில் எத்தனை உறைய வைத்தீர்கள், ஒவ்வொன்றின் கிரேடு என்ன என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். இந்தத் தடவை கூடாவிட்டால் அடுத்த தடவைக்கு இந்த எண்கள்தான் வழிகாட்டி.

முட்டை எடுத்த பிறகு வரும் வாரத்தில் அசட்டை வேண்டாம். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் 15, 20 முட்டை வந்தவர்களுக்கும் சினைப்பை அளவுக்கு மீறிப் பெருத்து வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்து உண்டு. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், சிறுநீர் குறைந்து கறுத்தால், வயிறு கல்லாகி மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே போக வேண்டும். காலைவரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இவர்களுக்குக் கருவை உடனே வைக்காமல் உறைய வைப்பது பாதுகாப்பு. ‘இப்பவே வெச்சுடுங்க டாக்டர்’ என்று வற்புறுத்த வேண்டாம். கர்ப்பம் தரித்தால் அப்போது சுரக்கும் ஹார்மோனே நீர் கோப்பதை இன்னும் கூட்டும். கரு திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் பத்திரமாக இருக்கும், மாதங்கள் போனாலும் அதற்கு வயதாகாது. சட்டப்படி 10 வருடம் வரை வைக்கலாம்.

கரு வைக்கும் மாதம்

உறைந்த கருவுக்குப் பொதுவான முறை, 2-ஆம் நாளிலிருந்து எஸ்ட்ராடயால் மாத்திரை 2 மி.கி. வீதம் மூன்று வேளை. பத்து, பன்னிரண்டு நாள் கழித்து ஸ்கேனில் லைனிங் (கர்ப்பப்பையின் உட்படலம்) 7 மி.மீ.க்கு மேல், மூன்று கோடாகத் தெரிந்தால், கருவை ஏற்கக் கர்ப்பப்பையைத் தயார் செய்யும் புரோஜெஸ்டிரோன் தொடங்கும். அது தொடங்கியதிலிருந்துதான் கர்ப்பப்பையின் கடிகாரம் ஓடுகிறது. 5 நாள் கழித்து 5-ஆம் நாள் கருவை வைப்பார்கள். புரோஜெஸ்டிரோனை முதல் வேளை எப்போது போட்டீர்கள் என்பதை டிரிகரைப் போலவே குறித்து வையுங்கள். ஒரு நாள் முன்பின்னாகத் தொடங்கிவிட்டால் சொல்லிவிடுங்கள், கரு வைக்கும் நாளை மாற்றிக்கொள்ளலாம்.

புரோஜெஸ்டிரோனைப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் மாத்திரையாகக் கொடுத்தால் அது வெள்ளையாகக் கரைந்து வெளியே வரும். மருந்து வீணாகிறதே என்று இன்னொன்று வைக்க வேண்டாம், வருவது மேல்பூச்சு. எண்ணெய் ஊசி என்றால் இடுப்புக்குக் கீழே, பிட்டத்தை நான்காகப் பிரித்தால் மேலே வெளிப்பக்கம் வரும் பகுதியில் போட வேண்டும். ஆம்பூலைக் கையில் ஐந்து நிமிடம் பொத்தி வைத்துச் சூடாக்கினால் எண்ணெய் இளகி மெதுவாக இறங்கும். போட்ட பிறகு நன்றாகத் தேய்த்துவிட்டு நாலு எட்டு நடங்கள், கட்டி குறையும். மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கரு வைக்க ஒரு மணி நேரம் முன் மூன்று, நான்கு டம்ளர் தண்ணீர் போதும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வயிற்றின் மேல் ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். கரு அவ்வளவு பெரிதில்லை, அது கருவோடு போன காற்றுக் குமிழி. கருவை உள்ளே விட்ட மெல்லிய குழலை வெளியே எடுத்ததும் கருவியலாளர் நுண்ணோக்கியில் பார்த்து, கரு குழலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று சொல்வார். உடனே சிறுநீர் போகலாம், கரு விழாது. படுத்தே கிடப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. வீட்டு வேலை, மாடிப்படி, ஆபீஸ் எல்லாம் முடிந்த அளவு செய்யலாம். கனமான தண்ணீர்க் குடம், சினைப்பை இன்னும் வீங்கியிருந்தால் நெடுந்தூர பைக் பயணம் ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும். பழுத்த பப்பாளித் துண்டு ஒன்று சாப்பிட்டதால்தான் போச்சு என்று எந்தப் பெண்ணையும் குற்றம் சொல்லாதீர்கள். கரு ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கருவின் குரோமோசோமில் இருக்கும் பிசகு, அவள் சாப்பிட்டது காரணம் இல்லை.

கூடுதல் பணத்துக்குச் சேர்க்கச் சொல்லும் சில விஷயங்களையும் நிதானமாகக் கேளுங்கள். கர்ப்பப்பையைச் சுரண்டிவிடும் முறை பலன் தரவில்லை என்று 2019-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. விந்தணு நன்றாக இருப்பவர்களுக்கு இக்ஸியால் தனிப் பலன் இல்லை. ‘எனக்கு இது ஏன்’ என்று கேட்டு, உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டிப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

பீட்டா நாள்

கரு வைத்த 9 முதல் 14 நாளுக்குள், கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா ஹெச்சிஜி ஹார்மோனை ரத்தத்தில் பார்ப்பார்கள். அதுவரை வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டாம் என்பது எங்கள் கருத்து, குறிப்பாக அதே மாதத்தில் ஹெச்சிஜி டிரிகர் போட்டு கரு வைத்தவர்களுக்கு. அந்த ஊசியே பத்து நாள்வரை இரண்டு கோடு காட்டும். லேசாக ரத்தக்கறை பட்டாலும் புரோஜெஸ்டிரோனை நீங்களே நிறுத்தாதீர்கள். கறை பட்டு, பிறகு நல்ல முடிவு வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

பாசிட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து அதே லேபில் மறுபடி. முதல் எண் பெரியதா சின்னதா என்பதைவிட எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் முக்கியம்; குறைந்தது பாதியளவாவது கூடியிருக்க வேண்டும். 5-ஆம் நாள் கரு வைத்த தினத்தை 2 வாரம் 5 நாள் என்று கணக்கு வையுங்கள். அதிலிருந்து 4 வாரம் கழித்து 6 வாரம் 5 நாள். இதயத்துடிப்பு ஸ்கேன் அந்த வாக்கில். ஐவிஎஃப்பிலும் கரு குழாயில் போய் ஒட்டலாம். ஒரு பக்க வயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.

இதெல்லாம் நடக்கும்போது ‘என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஊசி தொடங்கும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, யார் யாருக்குச் சொல்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பீட்டா தேதியை இருவரைத் தவிர ஒருவருக்கு மட்டும் சொன்னால் போதும். பெண்ணின் உறவினருக்கு அவளும் கணவனின் உறவினருக்கு அவனுமே பதில் சொல்லட்டும். மாமியாரிடம் மருமகள் தனியாக நின்று ரிசல்ட் சொல்லும் நிலைமையை எந்தக் கணவனும் விடக் கூடாது.

நெகட்டிவ் என்றால் மருந்தை நிறுத்திய சில நாளில் மாதவிடாய் வரும். வழக்கத்தைவிட அதிகமாக, கட்டி கட்டியாகப் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்தால் போய்க் காட்டுங்கள். அழ வேண்டிய நாளை அழுது முடித்த பிறகு, ஒரு வாரம் கழித்து இருவருமாகப் போய் ஃபைலின் நகலை வாங்குங்கள். மருந்தின் பெயரும் தினசரி யூனிட்டும், ஒவ்வொரு ஸ்கேனின் அளவு, டிரிகர் நேரம், முட்டை, கருவுற்றவை, உறைந்தவை, கிரேடு, லைனிங், குழல் சுலபமாகப் போனதா என்ற குறிப்பு, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். டாக்டரிடம் ஒரே கேள்வி: அடுத்த தடவை எதை மாற்றப் போகிறீர்கள், ஏன்? உறைந்த கரு மிச்சம் இருந்தால் சேமிப்புக் கட்டணத்தின் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு வாருங்கள்.